வெள்ளையில் வெள்ளை

ஞாயிறு, மதியம் மூன்று மணி.
கூஹ்மோவில் அதற்குள் இருட்டிவிட்டது.
பனித்தளத்தின் விளக்குகள் மட்டும்
ஊருக்கு மிச்சமிருந்த பகலைக்
கூரைக்கடியில் பிடித்து வைத்திருந்தன.

ஆட்டம் முடிந்து, தலைக்கவசம் கழற்றி,
பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிய நேரம்.
ஆர்ட்டு தொட வந்தான். வென்லா திரும்பினாள்.
தடுப்புப் பலகையின் விளிம்பு
அவள் வாய்க்கு நேரே நின்றது.
சத்தம் ஒன்றும் பெரிதில்லை,
சர்க்கரைக் கட்டியைக் கரண்டியால் உடைத்தது போல.

மேல் முன்பல்லில் ஒரு மூலையைக் காணோம்.
பாதி உளுந்து அளவு.

இருபத்தாறு வருடமாக இங்கே
ஐஸ் சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறேன்.
முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள்
என் கையெழுத்திலேயே இருக்கிறது:
துண்டைத் தேடு. தேய்க்காதே. காயவிடாதே. பாலில் போடு.
பால் இருந்தது, ஹில்க்காவின் காபிக் கடையில்.
துண்டு?

வெள்ளைத் தரையில் வெள்ளைத் துண்டு.
போன வாரம் நடுவர் தீர்ப்புக்காகச்
சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு அப்பாக்கள்
பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு
ஒரே கைபேசி வெளிச்சத்தில் தவழ்ந்தார்கள்.
சக்கைச் சக்கையாய்ச் சறுக்குக்காலணி சீவிய தூள்.
ஒவ்வொரு பொடியையும் எடுத்து
உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தோம்.
உருகினால் ஐஸ்.
உருகாவிட்டால் வென்லா.

உதட்டில் ஒற்ற ஐஸுக்குப் பஞ்சமில்லை.
அவள் அழவும் இல்லை.
நாக்குதான் அந்த முனைக்கே போய்ப் போய் வந்தது,
புது வீட்டுக்கு வந்த பூனை மாதிரி.
பயிற்சியாளர் வழக்கம்போல
"பல்லைக் கடித்துக்கொள், எல்லாம்..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
அழுதது ஆர்ட்டு.

அவன்தான் கண்டுபிடித்தான்.
பலகையடியில், உருகாத ஒன்று.
கோப்பையில் பால், பாலில் துண்டு.
கஜானியில்தான் விடுமுறை நாளின் பல் மருத்துவர்;
நூறு கிலோமீட்டர்.
சைலா மகளை முன்னால் உட்கார வைத்தாள்.
பின்னால் ஆர்ட்டு, இரு கையிலும் கோப்பை.
நிறைகுடம்தான் தளும்பாது என்பார்கள்.
இது அரைக் கோப்பை.
பனிச்சாலை முழுக்க ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம்.

மருத்துவர் பாலை வடிகட்டினார்.
துண்டை நகத்தால் சுரண்டினார்.
பெயின்ட்.
தடுப்புப் பலகையின் வெள்ளைப் பெயின்ட்.

பிறகு வீங்கிய உதட்டைத் தடவிப் பார்த்து,
படம் எடுத்து,
உள்ளே ஒளிந்திருந்ததைக்
குறடால் மெல்ல எடுத்தார்.
அவள் பல், அவள் உதட்டுக்குள்.
கழுவி, ஒட்டி, நீல விளக்கைக் காட்டினார்.
ஆப்பிளை முன்பல்லால் கடிக்காதே என்றார்.
ஒட்டு என்றாவது விடலாம்,
பல் நிறம் மாறினால் உடனே வா,
எப்படியும் ஆறு வாரத்தில் வா என்றார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது.
பெயின்ட்டை நம்பாதவன் நான் ஒருவன்தான் போல:
அவர்கள் போன பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று,
கொட்டகைக்குப் பின்னால்
வண்டி கொட்டிய பனிக்குவியலைச்
சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு பொத்தான் கிடைத்தது. கறுப்பு நாடா கிடைத்தது.
யாருடையதோ, எந்த வருடத்ததோ,
மஞ்சளேறிய ஒரு பல்லும் கிடைத்தது.
அதற்கு யாரும் பால் ஊற்றவில்லை.
எட்டே முக்காலுக்குச் சைலா கூப்பிட்டாள்.
"உதட்டிலேயே இருந்தது, ரெய்யோ."
சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

இப்போது தினமும் ஆர்ட்டு "இளி" என்கிறான்.
வென்லா இளிக்கிறாள்.
ஒட்டிய கோடு அவனுக்குத் தெரிவதில்லை.
எனக்குத் தெரிந்தது, விளக்கடியில், நூலிழை.
சொல்லவில்லை.

பலகையில் பாதி உளுந்து அளவு மரம் தெரிகிறது.
பெயின்ட் கிடங்கில் இருக்கிறது; மே மாதம் பார்க்கலாம்.
பெட்டி மூடியில் மட்டும்
ஒரு வரி சேர்க்கப் போனேன்.
குளிரில் பேனா எழுதவில்லை.
பென்சிலால் எழுதினேன், எல்லாவற்றுக்கும் மேலே:
முதலில் உதட்டைப் பார்.